எடுத்துக்கொண்டவர்கள்

பாறசாலை,
9 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

எலிசாள் எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. உங்களைக் கவனித்துக்கொள்கிற லீலாபாயைக் கூப்பிட்டு உங்களோடு பேச வேண்டும் என்றால், "டீச்சருக்கு இப்போ சம்சாரிக்க இஷ்டமில்லை, மோளே" என்று சொல்லி வைத்துவிடுகிறார். ஓணத்துக்கு முன்னால் ஒரு நாள் நேரில் வந்தேன். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. காலிங்பெல்லை அழுத்தியதும் சத்தம் நின்றது, ஆனால் கதவு திறக்கவில்லை. நானும் புரிந்துகொண்டு கரமனை ஸ்டாப்பில் போய் பஸ்ஸுக்கு நின்றேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆபீஸ் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஆங்கிலம்–தமிழ் அகராதியின் ‘டி’ வரிசை மார்ச் கடைசியில் அச்சுக்குப் போகிறது. எல்லாப் பதிவுகளும் முடிந்துவிட்டன, ‘டேக்’ (take) ஒன்றைத் தவிர. அந்த ஒரு வினைச்சொல்லுக்கு நீங்கள் எத்தனை மாதம் உட்கார்ந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். மருந்து எடுப்பது, படம் எடுப்பது, நேரம் பிடிப்பது, பஸ்ஸில் போவது, ஒன்றைத் தப்பாக எடுத்துக்கொள்வது, தகப்பன் சாயலில் பிறப்பது, அடைக்கலம் கொடுப்பது, ஏமாற்றுவது என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். "இது வினைச்சொல் இல்லடி, சத்திரம். யார் வேணும்னாலும் படுத்துக்கலாம்" என்று சொல்லிச் சிரிப்பீர்கள்.

பொருள் வரிசையில் குறை ஒன்றும் இல்லை. சொற்பிறப்புக் குறிப்புதான் பாதியில் நிற்கிறது. போன மே மாதம் உங்களுக்குப் பக்கவாதம் வந்து நாற்காலியிலிருந்து சரிந்த அன்றைக்கு நீங்கள் எழுதிக்கொண்டிருந்தது அதைத்தான். "இந்த வினை பிறப்பால் ஆங்கிலச் சொல் அன்று. அது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கப்புறம் பேனா கோடாக இழுத்துக்கொண்டு தாளின் விளிம்பு வரைக்கும் போயிருக்கிறது.

மீதியைப் புத்தகங்களைப் பார்த்து நானே எழுதிவிடலாம். ஆனால் அது உங்கள் வாக்கியம். நீங்களே முடித்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும். மெய்ப்புத் தாள்களை இதோடு வைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்" என்று நான் கொடுத்த எடுத்துக்காட்டை ‘மலையாள வாடை’ என்று நீங்கள் அடித்திருந்தீர்கள். அதைத் திரும்பச் சேர்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் குழந்தையைத் தூக்குவதில்லை டீச்சர், எடுக்கத்தான் செய்வோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள்,
எலிசாள்


கரமனை,
17 ஜனவரி 2025

எலிசாள்,

இடது கையில் ஒரே விரலால் கணினியில் தட்டுகிறேன். அதனால் மரியாதைச் சொற்களுக்கெல்லாம் இதில் இடமில்லை. ‘டீச்சர்’ என்பதை நீயும் விட்டுவிடு. உனக்கு நான் சொல்லிக்கொடுத்தது எதுவும் உதவியதாகத் தெரியவில்லை. நீயாகக் கற்றுக்கொண்டதே போதுமானதாக இருந்திருக்கிறது.

மெய்ப்பைப் பார்த்தேன். ‘டேக்’குக்கு நான் தொகுத்த பொருள்களில் ஒன்று, ஒருவர் இருந்த இடத்துக்கு இன்னொருவர் வருதல். அதற்கு நல்ல எடுத்துக்காட்டு வாக்கியம் அமையாமல் பல நாள் தவித்தேன். இப்போது அந்தத் தவிப்பு இல்லை.

ஆஸ்பத்திரியில் நான் கிடந்ததை நினைத்துக்கொள். வாய் கோணி இருந்தது. பேச்சு வரவில்லை. பேச முடியாதவளுக்குக் காதும் கேட்காது என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டீர்கள். கட்டிலுக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை. அந்தப் பக்கம் நம் டிரஸ்ட் செயலாளர் ஹரிநாராயணன் கேட்டார்: "மாமி இனிமே ஆபீசுக்கு வரமாட்டா, எலிசாள். நீ ஏத்துக்கறியா?" நீ சொன்னாய்: "சரி சார், நான் ஏத்துக்கிடுதேன்."

அவ்வளவுதான். டீச்சரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. பொறுங்கள், அவர் பிழைக்கிறாரா பார்ப்போம் என்றுகூடச் சொல்லவில்லை. பிறகு திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, "டீச்சர், கஞ்சி குடிக்கிறியளா?" என்று கேட்டாய்.

அன்று முதல் உன் குரலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கஞ்சி வாடை வருகிறது. போன் எடுக்காததற்கு அதுதான் காரணம்.

என் வாக்கியம் பாதியிலேயே நிற்கட்டும். முடித்துக்கொடுத்தால் அதன் கீழ் யார் பெயர் வரும் என்று எனக்குத் தெரியும்.

சூடாமணி


பாறசாலை,
24 ஜனவரி 2025

டீச்சர்,

விடச் சொன்னாலும் அந்தச் சொல் என் வாயில் வேறு மாதிரி வராது. பொறுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பொறுக்க வேண்டாம்.

திரைக்குப் பக்கத்தில் வந்து நாங்கள் பேசிய கடைசி வார்த்தைகளைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்த பேச்சு உங்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? "மாமி இல்லேன்னா அகராதி இல்லே. மூடிடலாம். பசங்களை ஆத்துக்கு அனுப்பிடலாம்" என்றார் ஹரிநாராயணன் சார். டைப் செய்கிற ஸ்மிதாவும் ஷாஜியும் என்ன ஆவார்கள்? உங்கள் சொற்சீட்டுகளைப் பெட்டியோடு குடோனில் போட்டுவிடலாம் என்றும் சொன்னார். அந்தக் குடோனில் மழைக்காலத்தில் தண்ணீர் கெட்டி நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். காலையிலிருந்து அவர் பின்னாலேயே நடந்து மன்றாடினேன். கடைசியில்தான், நீ செய்வாயா என்று கேட்டார். யோசிக்கிறேன் என்று சொல்லியிருந்தால் அவர் காரில் ஏறிப் போயிருப்பார்.

இதெல்லாம் நான் அப்போதே உங்களிடம் சொல்லவில்லை. பேச்சு வராமல் கிடக்கிறவரிடம், உங்கள் அகராதியை மூடப் பார்க்கிறார்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அது தப்பு என்றால் தப்புதான்.

ஆனால் கஞ்சி வாடை என்று எழுதினீர்களே. அதைப் படித்தபோது ரயிலில் இருந்தேன். நெய்யாற்றின்கரையில் இறங்கித் திரும்ப வீட்டுக்கே போய்விட்டேன். அன்று வேலைக்குப் போகவில்லை.

உங்களைப் பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள். உங்கள் மகன் அபிஜித் டொரொண்டோவிலிருந்து வீடியோ காலில் வந்து "டேக் கேர், அம்மா" என்றார். அதுவும் உங்கள் சத்திரத்தில் படுத்திருக்கிற ஒரு பொருள்தான். அந்த டேக்கும் நான்தான் செய்தேன், டீச்சர். உங்கள் உடம்பைத் துடைத்தேன், துணி மாற்றினேன், தலை வாரினேன். லீலாபாய் வந்து சேரும்வரை என் வீட்டுக்காரர் தாசையன் பாறசாலையிலிருந்து டிபன் காரியரில் கஞ்சி கொண்டுவந்தார். எங்கள் வீட்டு ஸ்டீல் டம்ளரில் ஊற்றி உங்கள் வாயில் வைத்தேன், நீங்கள் குடித்தீர்கள்.

டம்ளர் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எப்போதும் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். புரூஃப் பார்க்க உங்கள் வீட்டுக்கு எத்தனை தடவை வந்திருக்கிறோம். ஹரிநாராயணன் சாருக்கு டவரா டம்ளரில் காபி. ஸ்மிதாவுக்கும் டம்ளரில்தான். எனக்கு மட்டும் எப்போதும் பேப்பர் கப். குடித்து முடித்ததும் நானே அதைக் கசக்கி வாசல் பக்கத்துக் கூடையில் போட வேண்டும். ஒரு தடவை மறந்து மேசையில் வைத்துவிட்டேன். நீங்கள் அந்தக் கப்பைப் பார்த்தீர்கள், அப்புறம் என்னைப் பார்த்தீர்கள். நான் எழுந்து போய்ப் போட்டேன். நான் வாய் திறக்காமல் இருந்ததால், இவள் கவனிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டீர்கள்.

உங்கள் நாற்காலியில் நான் உட்காரவே இல்லை. அது ஜன்னல் ஓரத்தில்தான் கிடக்கிறது. இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று எழுதவில்லை.

எலிசாள்


கரமனை,
10 பிப்ரவரி 2025

எலிசாள்,

பேப்பர் கப் பற்றி. பாத்திரம் தேய்ப்பவள் வராத நாட்களில் யாருக்கானாலும் பேப்பர் கப்தான். இப்படித் தட்டிவிட்டு, திரும்பப் படித்தேன். ஸ்மிதாவுக்கு எப்படி டம்ளர் வந்தது என்று நீ அடுத்த கடிதத்தில் கேட்பாய். கேட்க வேண்டாம். இந்தத் தெருவில் நான் பிறந்து வளர்ந்த விதம் அது. இதை மன்னிப்புக் கேட்பதாக எடுத்துக்கொள்ளாதே. நீ ஆஸ்பத்திரியில் செய்ததெல்லாம் இந்தக் கணக்குக்காகத்தான் என்று இப்போது தெரிகிறது. என்னைக் குளிப்பாட்டும்போதே ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாய்.

கைக்குழந்தை வாக்கியத்தை நான் அடித்தது உன் ஊரின் மேல் இருந்த பகையால் அல்ல. மதுரையில் இருக்கும் ஒரு பையன் நம் அகராதியைத் திறந்தால் அவனுக்குத் திகைப்பு வரக்கூடாது. நீ நெல்லைக்குத் தெற்கே பேசுவதெல்லாம் தமிழ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் அப்படி நினைக்கவில்லை. இன்றும் அதே கருத்துதான்.

உன் கடிதத்துக்குப் பிறகு பல நாள் தூக்கம் சரியில்லை. எழுதியது போதும் என்று லீலாபாய் கணினியை மூடி வைத்துவிட்டு, "மதி டீச்சரே, எழுதியது மதி" என்று அதட்டுகிறாள். இவளையும் நான் சம்பளம் கொடுத்துத்தான் அதட்ட வைத்திருக்கிறேன்.

நீ கேட்டதைத் தருகிறேன். எழுதிக்கொள்.

இந்த வினை பிறப்பால் ஆங்கிலச் சொல் அன்று. அது வடகடலைத் தாண்டிக் கப்பலில் வந்தவர்களோடு வந்தது. கொள்ளையடிக்க வந்தார்கள், பிறகு குடியேறினார்கள், அந்த ஊர்ப் பெண்களைக் கட்டினார்கள், அந்த ஊர்க் கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள். அவர்கள் மொழியில் அதற்குத் தொடுதல், கையால் பற்றுதல் என்ற அளவுக்குத்தான் முதலில் பொருள் இருந்திருக்கும் என்று கருதுகிறார்கள். ஆங்கிலத்தில் எடுப்பதற்குச் சொந்தமாக வேறொரு வினை இருந்தது. ‘நிமன்’ என்று பெயர். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் இருந்த சொல். ஜெர்மன்காரர்கள் இன்றுவரை அதன் உடன்பிறப்பை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கிலேயர்கள் வைத்துக்கொள்ளவில்லை. வந்தது மெல்ல மெல்ல எல்லா வாக்கியங்களிலும் நுழைந்தது. சில நூற்றாண்டுகளில் நிமன் போய்விட்டது. யாரும் கொல்லவில்லை. யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

அது விட்டுச்சென்ற மிச்சம் ஒன்றிரண்டு. அவற்றில் ஒன்று ‘நம்ப்’ (numb). மரத்துப்போதல். அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் ‘எடுக்கப்பட்டது’. உணர்ச்சி எடுக்கப்பட்ட உடம்பு. முடிவில் உள்ள ‘பி’ பின்னால் யாரோ ஒட்டவைத்தது. ஒலியும் இல்லை, பயனும் இல்லை.

எனக்கு வலது தோளிலிருந்து விரல் நுனிவரை அந்தச் சொல்தான். டாக்டரும் அதே சொல்லைத்தான் சீட்டில் எழுதியிருக்கிறார். யார் நிமன், யார் டேக் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை.

குறிப்பை அச்சில் போட்டுக்கொள். கீழே உன் பெயரையும் போட்டுக்கொள்.

சூடாமணி


பாறசாலை,
20 பிப்ரவரி 2025

டீச்சர்,

குறிப்பைப் படித்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் ஸ்மிதாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் டைப் செய்து முடித்துவிட்டு, "டீச்சர் பழையபடி ஆயாச்சு, அல்லே?" என்று சந்தோஷப்பட்டாள். நான் தலையாட்டினேன்.

யார் நிமன், யார் டேக் என்று விளக்க வேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு விளங்கவில்லை. நீங்கள் சொன்ன விதத்தில் விளங்கவில்லை.

உங்கள் ஆட்கள் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் இங்கே வந்தவர்கள். அதைப் பெருமையாக நீங்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். கோவில் கிடைத்தது, தெரு கிடைத்தது, பிறகு சர்க்கார் கச்சேரியில் உத்தியோகம் கிடைத்தது. நான் பாறசாலைக்காரி. என் அப்பா, அவருடைய அப்பா, எல்லோரும் அதே மண்ணில் வெற்றிலைக் கொடி போட்டவர்கள். நாங்கள் எங்கிருந்தும் வரவில்லை டீச்சர். ஆனால் நீங்கள் வந்த தெருவில் நான் வந்தேறி. உங்கள் தமிழ் தமிழ், நான் பேசுவது வாடை. இதில் கப்பலில் வந்தவர் யார்?

நீங்கள் எழுதியது இன்னொன்றும் மனசில் குத்திக்கொண்டே இருக்கிறது. குளிப்பாட்டும்போது எண்ணிக்கொண்டிருந்தேன் என்கிறீர்கள். ஒரு நாள் உங்களுக்கு முதல் சொல் வந்தது, நினைவிருக்கிறதா? தண்ணீர் என்று சொல்ல வந்து ‘தள்ளி’ என்றீர்கள். டாக்டரைக் கூப்பிட நான் வராந்தாவில் ஓடினேன். செருப்பு ஒரு பக்கம் கழன்று போயிற்று. அங்கே நின்றவர்களெல்லாம், யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து எனக்கு வழி விட்டார்கள். எண்ணிக்கொண்டிருக்கிறவள் அப்படி ஓடமாட்டாள்.

சரி, அதை விடுவோம். இப்போது நான் எழுதுவது அவசரமான ஒரு காரியம். அகராதியின் முதல் பக்கத்தில் ஆசிரியர்கள் என்று இரண்டு பெயர் எழுதிக் கொடுத்தேன். உங்கள் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. ஹரிநாராயணன் சார் உங்கள் பெயரை அடித்துவிட்டார். "மாமி இப்போ சம்பளப் பட்டியல்லே இல்லியே" என்றார். டீச்சர் பெயர் இல்லாத பக்கத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "அப்போ டிரஸ்ட் கூட்டத்திலே வெச்சு முடிவு பண்ணலாம்" என்றிருக்கிறார். மாதக் கடைசியில் கூட்டம்.

நீங்கள் ஒரே ஒரு வரி அவருக்கு எழுதினால் போதும். இரண்டு பெயருக்கும் சம்மதம் என்று. உங்கள் சொல்லை அவர்கள் தட்ட மாட்டார்கள். எனக்காக எழுத வேண்டாம். உங்கள் பெயருக்காக எழுதுங்கள். என்னை எப்படி வேண்டுமானாலும் வெறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த ஒரு வரியை எழுதிவிடுங்கள்.

எலிசாள்


கரமனை,
25 பிப்ரவரி 2025

எலிசாள்,

ஹரிநாராயணனுக்கு நான் ஏற்கெனவே எழுதிவிட்டேன். ஸ்டீல் டம்ளரைப் பற்றிய உன் கடிதம் வந்த அன்றே எழுதினேன்.

முனைவர் பட்டம் இல்லாத, என் கீழ் சீட்டு அடுக்கிய ஒருத்தியின் பெயர் ஆசிரியர் என்று அச்சில் வருவது அகராதிக்கு இழுக்கு என்று எழுதினேன். என் பெயர் போடுவதானால் தனியாகப் போட வேண்டும், அவள் பெயருக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம் என்றும் எழுதினேன். கையெழுத்துப் போட முடியாததால் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தேன். லீலாபாய் மை தடவினாள்.

உன் கடைசிக் கடிதத்தைப் படித்த பிறகும் அதைத் திரும்ப வாங்க எனக்கு மனம் வரவில்லை. நீ ஓடினாய் என்பதை நம்புகிறேன். நம்பியும் மனம் வரவில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதே.

சூடாமணி


பாறசாலை,
2 ஜூன் 2025

டீச்சர்,

இனி எழுதுவதில்லை என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். புத்தகம் வெளிவந்துவிட்டது. உங்களுக்கு யாரும் பிரதி அனுப்பியிருக்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

நல்ல தாள், நல்ல கட்டு. முதல் பக்கத்தில், ‘முதன்மை ஆசிரியர்: ஹரிநாராயணன்’ என்று இருக்கிறது. வேறு பெயர் எதுவும் கிடையாது. நாம் இருவரும் பின்னால் ‘உதவியவர்கள்’ என்ற பட்டியலில் இருக்கிறோம். அட்டை வடிவமைத்தவர், கணினி பழுது பார்த்தவர் எல்லோரும் அதில்தான். அகர வரிசையில் போட்டிருக்கிறார்கள், அதனால் நான் உங்களுக்கு முன்னால் வந்துவிட்டேன். இதற்கும் கோபப்படுங்கள்.

நேராகப் போய்க் கேட்டேன். அவர் கொஞ்சமும் கூசவில்லை. "நான் என்ன பண்ணட்டும், எலிசாள்? ஒனக்கு யோக்கியதை இல்லேன்னு மாமியே கைரேகை வெச்சுத் தந்திருக்கா. நீயோ மாமி பேர் இல்லேன்னா கையெழுத்துப் போட மாட்டேங்கறே. ரெண்டு பேரும் இப்படி அடிச்சுண்டா பொதுவா ஒருத்தர் பேர்தானே போட முடியும்?" என்றார்.

பொதுவான அந்த ஒருத்தர் ‘டேக்’ பதிவில் ஒரு காற்புள்ளிகூட வைத்ததில்லை. வெளியீட்டு விழாவில் நிமனைப் பற்றி நீங்கள் எழுதியதை மேடையில் வாசித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். ‘யாரும் கொல்லவில்லை. யாரும் கூப்பிடவில்லை’ என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தி வாசித்தார், தான் எழுதியது போலவே. ஷாஜி எழுந்து வெளியே போய்விட்டான். நான் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் வேலையை விட்டுவிட்டேன். உங்களுக்காக என்று நினைத்துவிட வேண்டாம். அந்த ஆளுக்கு இனி குட்மார்னிங் சொல்ல என்னால் முடியாது. தாசையன் ஒரு வாரமாகச் சரியாகப் பேசுவதில்லை. மகளுக்குக் காலேஜ் சேர்க்கிற நேரம். வீட்டு முன் அறையில் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் தொடங்கியிருக்கிறேன். "விட்டியளே, சரி. இனி என்ன செய்யப் போறீய?" என்று மட்டும் கேட்கிறார்.

எனக்கு ஒன்று தெரியும். அடுத்து ‘யு’ வரிசை. நீங்களும் நானும் இல்லாமல் அவரால் ஒரு பக்கம் நகர்த்த முடியாது. சீட்டுகளை எப்படி அடுக்கியிருக்கிறோம் என்று நம் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. இன்றில்லாவிட்டால் நாளை உங்களிடம் வருவார். அவர் வரும்போது முடியாது என்று சொல்லிவிடுங்கள். நானும் சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து மறுத்தால், ‘டி’ வரிசையின் மறுபதிப்பில் சரியான பெயர்களைப் போட்டுத்தான் அவர் ‘யு’வைத் தொடங்க முடியும். உங்கள் பெயர் தனியாக வந்தாலும் எனக்குச் சம்மதம். எழுத்தில் தருகிறேன்.

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம், நானும் உங்களை மன்னிக்கவில்லை. இந்த ஒரு காரியத்தில் மட்டும் நாம் சேர்ந்து நிற்கலாம் டீச்சர். பேச வேண்டிய அவசியம்கூட இல்லை.

எலிசாள்


கரமனை,
13 ஜூன் 2025

எலிசாள்,

ஹரிநாராயணன் முந்தாநாள் வந்தார். உன் கடிதம் அதற்கு முன்பே வந்துவிட்டது. படித்துமிருந்தேன். தபால் தாமதம் என்று பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

புத்தகத்தை மடியில் வைத்தார். அது கனமாக இருந்தது. முதல் பக்கத்தைத் திறந்து நானே பார்த்துக்கொள்ளட்டும் என்று காத்திருந்தார். பிறகு சொன்னார், "மாமி, யு வரிசைக்கு ஆள் இல்லே. ஆத்திலே இருந்தே பாத்துக் குடுங்கோ. ஸ்மிதாவை அனுப்பறேன், நீங்க சொல்லச் சொல்ல அவ அடிப்பா. பேர் விஷயம் டிரஸ்ட்லே முடிவானது, அதை மாத்த முடியாது."

சரி என்றேன்.

நீ இதைப் படித்துவிட்டு என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அதையெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். உனக்கு மகள் இருக்கிறாள், டியூஷன் பிள்ளைகள் இருக்கிறார்கள், கோபித்துக்கொண்டு பேசாமலிருக்க ஒரு புருஷன் இருக்கிறார். எனக்குக் காலையில் மாத்திரை, மத்தியானம் மாத்திரை. நடுவில் இந்தச் சுவர். அபிஜித் ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறான். நான் சரியாகச் சாப்பிடுகிறேனா என்று லீலாபாயிடம் கேட்கிறான், என்னிடம் இல்லை. என் நாக்குத் தடுமாறுவதைக் கேட்க அவனுக்குக் கஷ்டமாக இருக்கிறதாம்.

இந்த ஒரு வருஷத்தில் என்னிடம் யாராவது ஒரு சொல்லின் பொருளைக் கேட்டார்களா என்றால், நீ ஒருத்திதான் கேட்டாய். நேற்று முன்தினம் இரண்டாவது ஆள் வந்து கேட்டார். அவர் திருடர் என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

நீ வேலையை விட்டது சரியான காரியம். நான் செய்தது சரியில்லை. நீ எனக்கு முன்னால் போய் நின்று ஒரு கதவை அடைத்தாய், நான் அதன் வழியாகவே உள்ளே போய்விட்டேன். நீ காலி செய்த வேலை அது. எடுத்துக்கொண்டேன். இதற்கு வேறு சொல் தேட வேண்டாம்.

மறுபதிப்பில் உன் பெயர் வராது. என் பெயரும் வராது. கைக்குழந்தை வாக்கியத்தை அவர் நீக்கச் சொல்கிறார். மலையாளம் போல் இருக்கிறது என்று யாரோ சொன்னார்களாம். இருக்கட்டும் என்று வாதாடினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். அவர் கேட்டாரா என்பது அச்சில்தான் தெரியும்.

திட்டி எழுது. அந்த உரிமை உனக்கு உண்டு. லீலாபாய் கடிதத்தை வாங்கி வைப்பாள், ஒரு வரி விடாமல் படிப்பேன். பதிலுக்கு மட்டும் காத்திருக்காதே. சீட்டுப் பெட்டிகள் நாளைக் காலை வருகின்றன. ‘அண்டர்’ என்று தொடங்கும் சொற்கள் மட்டுமே இரண்டு பெட்டி இருக்கின்றன. அவற்றை முடிக்க நாளெல்லாம் வேண்டும்.

சூடாமணி